கெண்டியில் மீதமிருந்த ஓர் இடம்

ஏப்ரல் 13, சனி

இன்றைக்கும் குழந்தைவண்டி தள்ளிக்கொண்டு ஓடிய ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். வண்டியில் இரட்டைக் குழந்தைகள். ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று திரும்பிப் பார்த்து எனக்குக் கையசைத்தது. எனக்கு ஐம்பத்தொன்பது வயது. படகுத்துறையிலிருந்து கலங்கரை விளக்கம் போய்த் திரும்பினால் ஆறு கிலோமீட்டர். இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் ஓடுகிறேன். இன்றைக்கு முப்பத்தொன்பது நிமிடம். போன சனிக்கும் அதுதான்.

ஓடி முடித்ததும் கொட்டகையில் டீ. ஊற்றுகிறவள் என் நாத்தனார் கோரலி. ஜூனில் மன்னர் பிறந்தநாள் விடுமுறையன்று நடக்கும் ஓட்டத்தில் ஜெயிப்பவருக்குக் கழகத்தின் அலுமினியக் கெண்டி ஒரு வருடத்துக்குச் சொந்தம். பதிலுக்குச் சனிதோறும் எல்லோருக்கும் டீ ஊற்ற வேண்டும். பெயரைக் கெண்டியின் வயிற்றில் செதுக்குவார்கள். மூன்று வருடமாகக் கோரலியின் பெயர். மூன்று வருடமாக எனக்குக் கடைசிக் கோப்பை, ஆறிப்போனது.

இன்றைக்குக் கெண்டியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "பாத்தியா வெர்னா, மூடிக்குக் கீழ ஒரே ஒரு பேருக்குத்தான் எடம் மிச்சம். அதுக்கப்புறம் இதைக் கண்ணாடி அலமாரில வெச்சுப் பூட்டிடுவாங்களாம். புதுசு வாங்கறாங்க."

"யார் பேரு வரும்னு நினைக்கிற?"

"என் பேரு எழுதி எழுதி அவங்களுக்குப் பழகிப் போச்சு."

வீட்டுக்கு வந்து கிளைவிடம் சொன்னேன். "அவ சின்ன வயசுலயும் இப்படித்தான். என் பொறந்தநாள் கேக்குல அவதான் மெழுகுவத்தி ஊதுவா" என்றான் என் கணவன், சோபாவிலிருந்து கண்ணைத் திறக்காமலே.

அந்தக் கடைசி இடம் எனக்கு வேண்டும். எழுதிவிட்டேன். இனி மாற்ற முடியாது.

ஏப்ரல் 15, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். வேகமாக ஓடினால் மட்டும் போதாது. அந்த ஜூன் ஓட்டத்தில், சனிக்கிழமை மாதிரி எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. மெதுவாக ஓடுகிறவர் முதலில், வேகக்காரர் கடைசியில். யாருக்கு எத்தனை நிமிடச் சலுகை என்று தீர்மானிப்பவர் ஆல்வின். எழுபத்தெட்டு வயது, கம்பளி தரம்பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணக்கு சரியாக இருந்தால் எல்லோரும் கொட்டகை வாசலில் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொள்ள வேண்டும். கோரலிக்கு மூன்று நிமிடம் முன்னால் நான் கிளம்புவது வழக்கம்.

ஆல்வினிடம் ஒரு பழுப்பு நோட்டு இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம். ஓடிய நேரம் மட்டுமல்ல, ஊர்ப்பேச்சும் அதில் ஏறும். புது ஷூ வாங்கினால் பத்து வினாடி குறைப்பார். விவாகரத்துக்கு அரை நிமிடம். "புருஷன் விட்டுட்டுப் போன வருஷந்தான் எல்லாரும் பறக்கறாங்க" என்பது அவர் கண்டுபிடிப்பு.

ஆகவே, ஆல்வினுக்குத் தெரியாமல் நான் வேகமாக வேண்டும். அதாவது ஜூன் வரை நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரும்புச் சாமான் கடையில் பதினாறு வருடமாகக் கல்லாவில் நிற்கிறவள் நான். இந்த ஊரில் யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யார் வீட்டிலிருந்து யார் நழுவிப் போனார்கள் என்பதெல்லாம் என் வழியாகத்தான் போகும். பார்க்கலாம்.

மாலை மருந்துக்கடைக்குப் போனேன். சத்துப் பொடிகளுக்கென்று தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். கொலாஜன், மீன் எண்ணெய், மெக்னீசியம், பீட்ரூட் பொடி எல்லாவற்றையும் கூடையில் அள்ளினேன். கடைக்கார லின் பார்த்தாள். "இதெல்லாம் சேத்து சாப்பிடச் சொல்லி யாரு சொன்னாங்க வெர்னா?"

"யூடியூபுல ஒருத்தர். எழுபது வயசு. வயித்துல கட்டு கட்டா இருக்கு."

"ஒண்ணொண்ணா ஆரம்பிங்க. டப்பால எழுதியிருக்கறதைப் படிங்க."

சரி என்றேன். படிக்கவில்லை.

இன்னொரு ஏற்பாடு. சாயங்காலம் எங்கள் நாய் சார்ஜண்டைக் கூட்டிப் போவது இனி கிளைவின் வேலை. எனக்கு விஞ்ஞான முறைப்படி ஓய்வு வேண்டும். பள்ளிப் பேருந்தை ஓட்டி முடித்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிற கிளைவ், என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தான். "எவ்வளவு தூரம்?"

"கலங்கரை விளக்கம் வரைக்கும் போனாத்தான் அது ராத்திரி தூங்கும்."

முகம் செத்துப்போன மாதிரி ஆனது. நாயின் முகம் இல்லை.

ஏப்ரல் 17, புதன்

காப்பியில் கொலாஜன். கட்டி கட்டியாக நின்றது. கிளைவ் எட்டிப் பார்த்து, "வால்பேப்பர் ஒட்டப் போறியா?" என்றான்.

ஏப்ரல் 25, வியாழன்

போர்வீரர் நினைவு நாள். விடியற்காலையில் ஊர் முழுக்க நினைவுத்தூணைச் சுற்றி நின்றோம். எக்காளம் ஊதி முடிந்து ஒரு நிமிட மௌனம். காற்றுகூட நின்றுவிட்டது. நாற்பதாவது வினாடியில் என் மீன் எண்ணெய் மேலே வந்தது. சின்ன ஏப்பம்தான். ஆனால் அந்த அமைதியில் அது துறைமுகம் வரை போயிருக்கும். பக்கத்தில் நின்ற கோரலி தலை குனிந்தபடியே அரை அடி தள்ளி நின்றாள். கிளைவ் பதக்கம் அணிந்த ஒரு கிழவரைக் குற்றம் சாட்டுகிற மாதிரிப் பார்த்தான். நல்ல கணவன்.

ஏப்ரல் 27, சனி

இதை எழுதலாமா? எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நேற்று மெக்னீசியம் ஆரம்பித்தேன். ஒரு கரண்டிக்குப் பதிலாக மூன்று. தசைக்கு நல்லது என்று கேள்வி. தசைக்கு மட்டுமல்ல. கலங்கரை விளக்கத்தைத் தொட்டுத் திரும்பும்போது வயிற்றுக்குள் யாரோ மேசை நாற்காலி நகர்த்தினார்கள். பூமியின் இந்தத் தென்பாதியில் ஏப்ரலில் குளிர் ஆரம்பித்ததும் அங்கே இருக்கிற கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். அடுத்தது படகுத்துறையில். நடுவில் மூன்று கிலோமீட்டர், புதர்கூட முழங்கால் உயரம்தான்.

ஓடினேன். என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. குழந்தைவண்டிக்காரியைத் தாண்டினேன். கோரலியைத் தாண்டினேன். "என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் எது திறக்கும் என்று தெரியவில்லை. முடிவுக்கோட்டில் நிற்காமல் நேராகக் கழிப்பறைக்குள் போனேன்.

வெளியே வந்தபோது மொத்தக் கழகமும் கைதட்டியது. ஆல்வின் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "முப்பத்தாறு நிமிஷம் நாப்பது வினாடி. எப்படிம்மா?"

கோரலி கெண்டியோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அல்லது சும்மா இருந்திருக்கலாம். நான் சொன்னது: "பீட்ரூட்."

ஏப்ரல் 30, செவ்வாய்

கடையில் ஆணி வாங்க வந்தவர்கள்கூட பீட்ரூட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். ரத்தக்குழாய் விரியும், பிராணவாயு பாயும் என்று விளக்கினேன். கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். கொலாஜனால் முழங்கால் வலி பறந்துவிட்டது என்றும் சொல்லிவைத்தேன். பறக்கவில்லை. இதை எழுதும்போதுகூட ஒரு உறைந்த பட்டாணிப் பொட்டலம் முழங்கால்மேல் உட்கார்ந்திருக்கிறது.

வாயை மூடும் திட்டம் இத்துடன் முடிந்தது.

மே 6, திங்கள்

புதுப்பொடி, பீட்டா அலனின். காலையில் குடித்துவிட்டுக் கடைக்குப் போனேன். கதவுக்கீல் வாங்க வந்தவரிடம் பாக்கிச் சில்லறை கொடுக்கும்போது முகம் முழுக்க எறும்பு ஊர ஆரம்பித்தது. காது, உதடு, மண்டை. பக்கவாதம். சந்தேகமே இல்லை. இப்படியா சாகணும், கையில் கீலைப் பிடிச்சுக்கிட்டு? கிளைவுக்கு வாஷிங் மெஷின் போடத் தெரியாதே. கோரலி என் சாவுக்கு என்ன கேக் கொண்டுவருவாள்?

லினுக்குப் போன் செய்தேன். "முகம் பூரா எறும்பு. வாய் கோணுதான்னு தெரியல."

"கையைத் தூக்குங்க. ரெண்டு கையும் தூக்க முடியுதா? நல்லாப் பேசறீங்க. இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன். எத்தனை கரண்டி என்றும் சொன்னேன்.

"அந்தப் பொடி அப்படித்தான் ஊரும். டப்பால பின்னாடி எழுதியிருக்கு, படிக்கலையா?"

"எழுத்து பொடிசா இருக்கு லின்."

"அதுக்குக் கண்ணாடி போடணும். பொடி போடக் கூடாது. நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க."

கதவுக்கீல்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் ஆல்வினுக்கு மைத்துனர் என்பது அவர் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

மே 11, சனி

கிரியாட்டின். தசை கூடும் என்றார் யூடியூப் வயிற்றுக்கட்டுக்காரர். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். எல்லாம் தண்ணீராம். கோரலி டீயை நீட்டிக்கொண்டே, "நல்லாப் பூசினாப்ல இருக்கே வெர்னா" என்றாள்.

நாற்பது நிமிடம் பத்து வினாடி.

மே 18, சனி

போதும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். டாக்டரும் அதைத்தான் சொன்னார். அதிகமாகவே சொன்னார். ஆனால் நிறுத்திய செய்தியை வெளியே சொல்ல முடியாது. ஊரில் எட்டுப் பேர் என் பேச்சைக் கேட்டு பீட்ரூட் குடிக்கிறார்கள். அவர்களை நேராகப் பார்த்து எப்படிச் சொல்வது?

டப்பாக்களைக் குப்பையில் போடப் போனபோது கிளைவ் மறித்தான். "காசு குடுத்து வாங்கினது. வீணாப் போகக் கூடாது." கெட்டுப்போன பாலையே மோந்து பார்த்து நாளைக்கு என்று எடுத்துவைக்கிற ஆள். காலைக் கஞ்சியில் கொலாஜனையும் பீட்ரூட்டையும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்தான். "மண்ணு மாதிரி இருக்கு. பழகிடும்."

மே 24, வெள்ளி

கிளைவிடம் சில மாற்றங்கள். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறான். நாலு மணி அடித்தால் நாயைவிட அவன்தான் முதலில் வாசலில் நிற்கிறான். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைக்கிறான். சட்டையில் சிவப்புக் கறை. "பீட்ரூட்" என்றான். ஒருவேளை அந்தப் பொடி ஆண்களுக்குத்தான் வேலை செய்யுமோ? சார்ஜண்டும் இளைத்துப் பளபளவென்று இருக்கிறது. அது பொடி சாப்பிடுவதில்லை.

ஜூன் 1, சனி

கெண்டி ஓட்டத்தில் யார் எப்போது கிளம்புவது என்ற பட்டியலைக் கொட்டகைக் கதவில் ஒட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா கோரலிக்கும் எனக்கும் ஒரே நேரம். மூணு நிமிஷச் சலுகை மொத்தமும் போச்சு.

ஆல்வினைப் பிடித்தேன். "இது என்ன அநியாயம்?"

நோட்டைத் திறந்து என் பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். "பீட்ரூட், ஒரு நிமிஷம். முழங்கால் வலி பறந்துபோச்சு, நாப்பது வினாடி. எறும்புப் பொடி, முப்பது. ஏப்ரல் இருபத்தேழாம் தேதி முப்பத்தாறு நாப்பதுல வந்த. அதுக்கு மிச்சம்."

"அந்த ஒரு நாள்தானே ஆல்வின். போன வாரமெல்லாம் நாப்பது நிமிஷம் ஓடியிருக்கேனே."

"வேணும்னே மெதுவா ஓடறன்னு எடுத்துக்கிட்டேன். முப்பது வருஷமா இந்த நோட்டு எழுதறேன், தெரியாதா எனக்கு?" பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "அன்னிக்கு வேற ஏதாவது காரணம் இருந்தா சொல்லு. இப்பவே திருத்திடறேன்."

நாலடி தள்ளிக் கோரலி கெண்டியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் பீட்ரூட் குடிக்கும் எட்டுப் பேர். ஒரு வாக்கியம் போதும். மெக்னீசியம், மூணு கரண்டி, கழிப்பறை. மூணு நிமிஷமும் திரும்ப வந்துடும். கடைசி இடமும் வரலாம். சொல்லுடி. சொல்லித் தொலை.

"பீட்ரூட்தான்" என்றேன்.

டீ இன்றைக்கும் ஆறித்தான் இருந்தது.

ஜூன் 8, சனி

புது விவகாரம். கெண்டி ஓட்டத்துக்குக் குறைந்தது இருபது பேர் வேண்டும் என்பது விதி. காய்ச்சலில் இரண்டு பேர் விழுந்து பத்தொன்பது ஆகிவிட்டது. எங்கள் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்ற கிளைவை ஆல்வின் பார்த்தார். "நீ பேரு குடுத்திடு. நடந்து வந்தாப் போதும்."

"நாயை யாரு பாத்துப்பா?"

"நாயையும் கூட்டிட்டு வா. நாய் வரக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல."

நோட்டில் ஒரு புதுப் பக்கம் திறந்தார். கிளைவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று எழுதினார். எனக்கும் கோரலிக்கும் இருபத்திரண்டு நிமிடம் முன்னால் அவன் கிளம்ப வேண்டும். கோரலி சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "என் அண்ணன் கடைசியா ஓடினது அவன் கல்யாணத்தன்னிக்கு. அதுவும் எதிர்ப் பக்கம்."

ஜூன் 10, திங்கள்

மன்னர் பிறந்தநாள். மன்னருக்கு இங்கே நடந்தது தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவார்.

எட்டு மணிக்கு கிளைவும் சார்ஜண்டும் தனியாகக் கிளம்பினார்கள். கிளைவ் போட்டிருந்தது தோட்ட வேலைக் கால்சட்டை. ஆல்வின் விசில் ஊதினார், நாய் குரைத்தது, இரண்டு பேரும் வளைவில் மறைந்தார்கள். அதோடு அவர்களை மறந்துவிட்டேன். எட்டு இருபத்திரண்டுக்குக் கோரலியும் நானும் தோளோடு தோள் நின்றோம்.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்றாள்.

"புது முழங்கால் மாதிரி." பொய்.

"எனக்கும் அப்படித்தான்." அதுவும் பொய் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஏனோ அப்போது அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது. ஒரு வினாடிதான்.

எதிர்க்காற்று. முதல் மூன்று கிலோமீட்டரும் அவள் என் காற்று மறைவில் ஓடினாள். கலங்கரை விளக்கத்தைத் தொட்டுத் திரும்பினோம். காலையில் ஒரு வாழைப்பழமும் டோஸ்டும் தவிர வயிற்றில் எதுவுமில்லை. யாரும் மேசை நாற்காலி நகர்த்தவில்லை. முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினோம். குழந்தைவண்டியைத் தாண்டும்போது அதே குழந்தைக்கு நான் கையசைத்தேன். பின்னால் கிளம்பிய வேகக்காரர்களின் ஷூ சத்தம் கேட்டது, ஆனால் நெருங்கவில்லை. கடைசி ஐநூறு மீட்டரில் எங்களுக்கு முன்னால் ஒருவருமில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. கோரலி மூச்சு வாங்கினாள், "வெர்னா... மெதுவா... குடும்பம்தானே..." நான் திரும்பவில்லை. குடும்பமாம். ஆறின டீ ஊத்தறப்ப எங்கே போச்சு குடும்பம்?

ஓர் அடி வித்தியாசத்தில் அவளை முந்திக் கோட்டைத் தாண்டினேன். முப்பத்தேழு நிமிடம் ஐந்து வினாடி. பொடி இல்லாமல், அவசரம் இல்லாமல். இரண்டு கையையும் தூக்கினேன்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பெஞ்சில் கிளைவ் உட்கார்ந்திருந்தான். மடியில் கெண்டி. கையில் பாதி குடித்த டீ. காலடியில் சார்ஜண்ட் குறட்டை.

"வந்துட்டியா? டீ போடட்டுமா?" என்றான்.

நாற்பத்தெட்டு நிமிடத்தில் வந்திருக்கிறான். எங்களுக்குப் பதினொரு நிமிடம் முன்னால். ஆல்வின் நோட்டை மூடிவிட்டு வெறுமனே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அவர் கணக்கு இந்த அளவுக்குத் தப்பியதில்லையாம்.

"கஞ்சில பொடி போட்டுக் குடிக்கறானாம்" என்று யாரோ சொன்னார்கள். எட்டுப் பேரும் என்னைப் பக்தியோடு பார்த்தார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

தூக்கமில்லை. அந்தப் பொடி எனக்கு ஒரு வினாடிகூடத் தரவில்லை, அவனுக்கு மட்டும் பன்னிரண்டு நிமிடமா? காலையில் கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் உட்காரவைத்து விசாரித்தேன். சார்ஜண்ட் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"கலங்கரை விளக்கத்துக்கிட்ட ஒரு வண்டி நிக்குது" என்றான் கிளைவ்.

"என்ன வண்டி?"

"சாஸேஜ் ரோல் விக்கற வண்டி. நாலரைக்கு மூடிடுவான்."

கறி அடைத்த மாவுச் சுருள், கொழுப்பு அதிகம் என்று டாக்டர் போன வருடமே அவனுக்கு அதையெல்லாம் தடை செய்துவிட்டார். அதனால்தான் என்னிடம் சொல்லவில்லை. நாலு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, மூன்று கிலோமீட்டரை அரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். முதல் வாரம் நடந்து போய் மூடிய கதவைத்தான் பார்த்திருக்கிறான். இரண்டாம் வாரம் கொஞ்சம் ஓடியிருக்கிறான். மே மாதத்திலிருந்து வழி முழுக்க ஓட்டம்தான். திரும்பும்போதும் ஓட்டம், சந்தேகம் வரக் கூடாதென்று. ஒன்றரை மாதம், வாரத்தில் ஆறு நாள். அவனுக்கு ஒன்று, நாய்க்குப் பாதி.

"அப்ப சட்டையில இருந்தது?"

"தக்காளி சாஸ்."

"பெல்ட்டுல ஓட்டை?"

"அது எனக்கே புரியல. தினமும் சாஸேஜ் ரோல் தின்னும் எளைச்சுட்டே போறேன்."

ஆல்வினின் நோட்டில் ஷூ உண்டு, விவாகரத்து உண்டு, பீட்ரூட் உண்டு. நாலரைக்கு மூடும் வண்டி இல்லை. ஏனென்றால் இந்த ஊரில் எனக்கே தெரியாத ஒரே செய்தி அதுதான்.

கோபப்பட நினைத்தேன். நாய் மேசைக்கடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்தது. சிரித்துச் சிரித்து விலா வலி வந்துவிட்டது.

ஜூன் 15, சனி

மூடிக்குக் கீழே கிளைவ் என்று செதுக்கிவிட்டார்கள். சின்னப் பெயர், அழகாக நுழைந்துவிட்டது. புதுக் கெண்டியும் வந்து மேசைமேல் இருக்கிறது. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

கிளைவ் முதல் கோப்பையை எனக்கு ஊற்றினான். நாக்கு வெந்துவிட்டது. மூன்று வருடம் சூடான டீ குடிக்காத நாக்கு.

கோரலி என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். "ஏய், உண்மையச் சொல்லு. அவனுக்கு என்ன குடுத்த?"

இதோ, சொல்லிவிடலாம். வண்டி, சாஸேஜ் ரோல், நாலரை மணி, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. இந்த ஊர் கேட்ட செய்திகளிலேயே உத்தமமான செய்தி. நாக்கு வேறு வெந்திருந்தது. அதுதான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

காரைத் திறந்து, குப்பைமேட்டில் போடவென்று வைத்திருந்த பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். கொலாஜன் கால் டப்பா, பீட்ரூட் அரை, எறும்புப் பொடி கிட்டத்தட்ட முழுசு. "பின்னாடி எழுதியிருக்கறதைப் படிச்சுட்டுப் போடு" என்றும் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அவளும் சரி என்றாள். மெக்னீசியத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். என்ன இருந்தாலும் நாத்தனார்.

பெட்டியை மேல்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு அவள் காருக்குப் போவதை ஆல்வின் வாசலிலிருந்து பார்த்துவிட்டார். பென்சில் காதிலிருந்து இறங்கியது. "அவ என்னம்மா எடுத்துட்டுப் போறா?"

"எனக்கெப்படித் தெரியும் ஆல்வின்?" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. அவருக்கும் அது தெரியும். கோரலியின் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் ஏதோ எழுதினார்.

நாலு மணி ஆகப் போகிறது. நேற்றிலிருந்து மூன்று பேராகத்தான் போகிறோம். ஒரு சாஸேஜ் ரோல், மூன்றாக வெட்டி. டாக்டருக்குப் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். கிளைவ் வாசலில் நின்று, "வெர்னா, வண்டிய மூடிடுவான்" என்று கத்துகிறான். ஷூ கயிறு ஒன்று இன்னும் கட்டவில்லை.